காற்று இறைக்கும் தண்ணீர்

நெதர்லாந்தில் தோர்த்ரெக்ட் நகரில் வீடு எடுத்த புதிதில் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. அது நகரசபை வரியும் அல்ல, குழாய்த் தண்ணீர்க் கட்டணமும் அல்ல. அந்தப் பகுதியின் நீர்மட்டத்தைக் கவனிக்கும் நீர் வாரியம் தனியாக வரி கேட்டிருந்தது. வயலும் வாய்க்காலும் இல்லாத எங்களிடம் எதற்கு? மொழி வகுப்பு ஆசிரியையிடம் காட்டினேன். "கிண்டர்டைக் காற்றாலைகளைப் போய்ப் பாருங்கள், அங்கே விளங்கும்" என்றார். படகில் போகிற தூரம்தான். போனேன்.

இம்முறை ஊருக்கு, இலங்கையின் மட்டக்களப்புப் பழுகாமத்துக்கு வந்தபோது, அங்கே எடுத்த படங்களைப் பெரியப்பாவுக்குப் போனில் காட்டினேன். பல போகம் வட்டவிதானையாக நின்று வயற்கண்டத்துக்குத் தண்ணீர் பங்கிட்டவர் அவர்.

"என்னத்த அரைக்குது புள்ள, நெல்லா?"

"ஒண்டும் அரைக்கல்ல பெரியப்பா. தண்ணி இறைக்குது."

உடனே கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்தப் பிரதேசம் ஆற்றை விடத் தாழ்ந்தது. செடிகொடி மக்கிச் சேர்ந்த சதுப்பு மண். அங்கே குடியேறியவர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். வடிக்க வடிக்க மண் காய்ந்து அமிழ்ந்தது. நிலம் அமிழ்ந்ததால், முன்பு தானாக ஆற்றில் விழுந்த நீர் பிறகு விழ மறுத்தது. 1421இல் பெருவெள்ளம் வந்து அயலில் ஊர்களையே மூடியது. தோர்த்ரெக்ட் தீவானது அந்த வெள்ளத்தில்தான். நிலம் அமிழ்கிறது, ஆறு உயர்ந்து நிற்கிறது. அப்படியென்றால் நீரைத் தூக்கித்தான் கொட்டவேண்டும். தூக்குவதற்கு அந்த நாட்டில் குறைவில்லாமல் கிடைத்தது காற்று.

கிண்டர்டைக்கில் இன்று 19 காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றில் வாய்க்காலின் ஒரு கரையில் 1738இல் கட்டிய 8 செங்கல் ஆலைகள், மறு கரையில் 1740இல் கட்டிய, நாணல் வேய்ந்த எண்கோண ஆலைகள் 8. காற்று இறக்கையைச் சுற்ற, உள்ளே பெரிய மரப் பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைக் கீழே கொண்டுபோய் அகப்பைச் சக்கரத்தைச் சுற்றுகின்றன. அது தாழ்ந்த தேக்கத்து நீரை அள்ளி உயர்ந்த தேக்கத்தில் விடும். ஆற்று மட்டம் இறங்கும்வரை நீர் அங்கே காத்திருக்கும். இறங்கியதும் மதகைத் திறப்பார்கள்.

"காத்து விழுந்தா?" என்றார் பெரியப்பா. வயல்காரன் கேட்கிற கேள்வி. காற்று விழுந்தால் காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் 1868இல் அங்கே நீராவி இறைப்பு நிலையம் வந்தது. பிறகு டீசல், மின்சாரம். ஆனால் இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் இல்லாமல் போனபோது இதே பழைய ஆலைகளை மறுபடியும் சுற்றவிட்டு நிலத்தைக் காத்தார்கள். இப்போது பிரமாண்டமான திருகு இயந்திரங்கள் நீரைத் தூக்குகின்றன. இருந்தாலும் ஆலைகளை இயங்கும் நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். 1997இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்ததை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் போர்க்காலக் கதைதான் பெரிது.

ஆலைக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன, இன்றும் வாழ்கின்றன. நான் உள்ளே போய்ப் பார்த்த ஆலையில் அலுமாரி போன்ற அடைப்புக்குள் கட்டில். இயந்திரத்துக்கும் அடுப்புக்கும் இடையில் நாலு எட்டுத்தான் தூரம். நிலத்தைத் தொடுமளவுக்கு இறக்கைகள் இறங்கி வருவதால் வீட்டுக்கு எதிரெதிராக இரண்டு வாசல். ஒரு பக்கம் இறக்கை சுழன்றால் மற்றப் பக்கத்தால்தான் வெளியே வரவேண்டும். அதில் அடிபட்டால் உயிர் மிஞ்சாது. காற்றுத் திசை மாறினால், நடுச்சாமம் என்றாலும் ஆலைக்காரர் எழுந்துபோய் இறக்கைகள் பொருத்திய மேற்கூரையைத் திருப்ப வேண்டும். மழையில் நனைந்த துணிப்பாயை இறக்கைகளின் மரச்சட்டங்களில் ஏறிச் சுருட்ட வேண்டும். கீழே பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தப் படிகளில் நின்றபோது, வெள்ள நாட்களில் டோர்ச்சோடு அணைக்கட்டுக்குப் போகும் பெரியப்பாவும், விடியும்வரை விளக்கணைக்காமல் இருக்கும் பெரியம்மாவும்தான் என் கண்ணுக்குள் நின்றார்கள்.

ஓடாத இறக்கைக்கும் அங்கே பேச்சு உண்டு. உச்சிக்கு வருமுன் நிறுத்தியிருந்தால் நல்ல செய்தி. உச்சி தாண்டி நின்றால் சாவீடு.

பெரியப்பாவை ஈர்த்தது வேறொன்று. மேல் தேக்கம் நிரம்பிவிட்டால் எந்த ஆலையும் இறைக்கக்கூடாது, காற்று எவ்வளவு நன்றாக வீசினாலும். அந்தக் கட்டளையை இடுவது நீர் வாரியம். "அப்ப நம்மட முகத்துவாரம் வெட்டுற மாதிரிதான்" என்றார். மாரியில் வாவி பொங்கி வயல் மூழ்கும்போது, வாவி கடலில் விழும் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல் திட்டை வெட்டு என்பார்கள் வேளாண்மைக்காரர். அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்பார்கள் மீன்பிடிக்காரர். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூடிப் பேசித்தான் முடிவு. நெடுங்காலம் அந்தக் கச்சேரி இயங்கியதோ மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக் கோட்டைக்குள். போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இல் இலங்கையில் வந்திறங்கியதும் மட்டக்களப்பில்தான். அவருடைய நாட்டில் இப்போது நான் நீர் வரி கட்டுகிறேன். அந்தக் காற்றாலையைப் பார்த்தபின் மனமார்ந்துதான் கட்டுகிறேன்.

நீர் வாரியங்களுக்குத் தேர்தலும் உண்டு என்று பெரியப்பாவுக்குச் சொன்னேன். நாலு வருடத்துக்கு ஒருமுறை. குடியுரிமை இல்லாவிட்டாலும், சட்டப்படி அங்கே வசிக்கும் 18 வயது கடந்தவர் வாக்களிக்கலாம். அந்த நாட்டில் நான் போட்ட முதல் வாக்கு, 2023 மார்ச்சில், தண்ணீருக்காகப் போட்டது.

"சபையில ஆரார் இரிக்காங்க?"

பெரும்பாலும் மக்கள் தெரிவு செய்பவர்கள் என்றேன். ஆனால் விவசாயிகளுக்கென்று 2 இடம், இயற்கைப் பாதுகாப்புத் தரப்புக்கு 2 இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

"மீன்காரருக்கு?"

"தனியா இல்ல பெரியப்பா."

போனைத் திருப்பித் தந்தார். "அப்ப அது நம்மட வாவிக்குச் சரிவராது புள்ள. அவங்களயும் இருத்திப் பேசினாத்தான் முகத்துவாரம் வெட்டலாம்."