பழைய என்டெவர் வாங்கப் போறீங்களா? முதல்ல பானெட்டைத் தொட்டுப் பாருங்க

பழைய பெரிய வண்டி வாங்கறவங்க என்கிட்ட கேட்கிற முதல் கேள்வி "எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் ஓடியிருந்தா வாங்கலாம்?"ங்கறதுதான். நான் அதைக் கடைசியாத்தான் பார்ப்பேன். டீசல் இன்ஜினோட ஆயுளை முடிவு பண்றது ஆயில். எப்ப மாத்தினாங்க, எதை ஊத்தினாங்க, யார் மாத்தினாங்க. மீதியெல்லாம் அதுக்கு அப்புறம்.

போன வருஷம் மச்சானுக்கு ஃபோர்டு என்டெவர் 3.2 லிட்டர் டீசல் மேல ஆசை வந்துச்சு. குடும்பத்துல பாதிப் பேர் வேண்டாம்னாங்க. கம்பெனியே இந்தியாவுல உற்பத்தியை நிறுத்தறதா 2021 செப்டம்பர்ல அறிவிச்சுட்டாங்க, ஃபார்ச்சூனர் எடுங்க, டொயோட்டா இன்ஜினுக்குச் சாவே இல்லைன்னாங்க. எனக்கு ரெண்டு இன்ஜினுமே பிடிக்கும். ஆனா "சாவே இல்லை"ங்கற பேச்சை ஒத்துக்க மாட்டேன். பழைய ஃபார்ச்சூனர்ல இருக்கற 3.0 லிட்டர் டி-4டி இன்ஜினையே எடுத்துக்கங்க. டீசலைப் பீய்ச்சற இன்ஜெக்டர் அடியில ஒரு சின்ன செம்பு வாஷர் இருக்கும். அது கசிஞ்சா எரிஞ்ச புகை மேல ஏறி ஆயில்ல கலக்கும், ஆயில் கரி பிடிச்சுக் கெட்டியாகும், அந்தக் கரி கீழே ஆயில் தங்கற சம்ப்ல ஆயிலை உறிஞ்சற வலையை அடைச்சுடும். இன்ஜின் தண்டு சுத்தற பேரிங்குக்கு ஆயில் ஏறாது. அதோட இது டைமிங் பெல்ட் இன்ஜின், அதாவது வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கறது ஒரு பெல்ட். பெல்ட் மாத்தின பில் இல்லாம ஒன்றரை லட்சம் ஓடின ஃபார்ச்சூனரை யாராவது "பக்கா கண்டிஷன்"னு காட்டினா, பெல்ட் மாத்தற செலவை விலையில கழிச்சுட்டுப் பேசுங்க.

என்டெவர் 3.2 நம்ம மறைமலைநகர் ஆலையில உருவான வண்டி. அஞ்சு சிலிண்டர், 200 குதிரைத்திறன், 470 என்எம் டார்க். டைமிங் செயின்தான், பெல்ட் கவலை கிடையாது. இதோட சத்தத்துக்குப் பழகாதவங்க ஐடிலிங்ல கேட்டுட்டு ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங்னு பயந்துடுவாங்க. நாலு சிலிண்டர் மாதிரி சமமா இருக்காது, அடித்தொண்டையில ஒரு உறுமல் இருக்கும். அது இயல்பு.

இந்த இன்ஜின்ல நான் பயப்படற விஷயம் ஆயில் பம்ப். ஆயில் மாத்தறப்ப பழசை வடிச்சுட்டு ரொம்ப நேரம் காலியா விட்டுட்டா, பம்புக்குள்ள இருக்கற ஆயிலும் இறங்கிடும். அப்புறம் புது ஆயிலை ஊத்தி ஸ்டார்ட் பண்ணினா பம்ப் வெறும் காத்தைத்தான் இழுக்கும். பிரஷர் ஏறாது, சில நிமிஷத்துல பேரிங் போயிடும். வடிச்ச பத்து நிமிஷத்துக்குள்ள புது ஆயில் உள்ளே போயிடணும்ங்கறதுதான் ஃபோர்டு சொல்ற கணக்கு. ஒன்பது லிட்டருக்கு மேல பிடிக்கிற இன்ஜின், அதனால டின்னைத் திறந்து பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் டிரெயின் போல்ட்டையே கழட்டணும். நம்ம பட்டறைகள்ல வழக்கமே வேற. "சொட்டு விடாம வடியட்டும்"னு விட்டுட்டு டீ குடிக்கப் போவாங்க. மத்த வண்டிக்கு அது நல்ல பழக்கம், இந்த இன்ஜினுக்கு விஷம்.

அதனால என்டெவர் விக்கறவர்கிட்ட நான் முதல்ல கேட்கறது, கம்பெனி சர்வீஸை விட்டதுக்கு அப்புறம் ஆயில் எங்கே மாத்தினீங்கங்கறதுதான். ஒரே மெக்கானிக் பேரைச் சொல்லி, பில்லையும் எடுத்து நீட்டறவரோட வண்டி பாதி பாஸ். "அப்பப்ப அங்கங்கே"ன்னு சொன்னா எனக்கு அந்த வண்டி வேண்டாம்.

அடுத்தது கோல்டு ஸ்டார்ட், ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கறது. வண்டி பார்க்கப் போற அன்னிக்குக் காலையில நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு ஓனர்கிட்ட முதல் நாளே சொல்லிடுவேன். போனதும் பானெட் மேல கை வைப்பேன். சூடா இருந்தா அன்னிக்கு வேலை முடிஞ்சுது, இன்னொரு நாள் வர்றேன்னு கிளம்பிடுவேன். சூடான இன்ஜின் எல்லாத்தையும் மறைச்சுடும். ஆறிக் கிடக்கற இன்ஜின்லதான் செயின் சத்தம், இன்ஜெக்டர் தட்டல், முதல் புகை எல்லாம் தெரியும். நீலப் புகைன்னா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை நிக்காம வந்தா மூக்கைக் கிட்டக் கொண்டு போங்க. டீசல் நாத்தம்னா இன்ஜெக்டர், இனிப்பு வாசம்னா கூலண்ட். எரிஞ்ச புகையில கொஞ்சத்தைக் குளிர வெச்சு மறுபடி இன்ஜினுக்கு அனுப்பறது இஜிஆர் கூலர். 3.2ல அது உள்ளுக்குள்ள விரிசல் விடறது தெரிஞ்ச பிரச்சினைதான். தரையில ஒரு சொட்டு இருக்காது, ஆனா கூலண்ட் குறைஞ்சுக்கிட்டே போகும். அதனால கூலண்ட் டேங்க்ல அளவை மட்டும் பார்க்காதீங்க. எப்ப டாப்-அப் பண்ணினீங்கன்னு கேளுங்க.

சூடேறினதும் ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து பாருங்க. லேசா ஆவி வந்தா பரவாயில்லை. மூடியைக் கவிழ்த்து வெச்சா அது துள்ளற அளவுக்குப் பேக் கம்ப்ரஷன், அதாவது உள்ளே இருந்து தள்ளற காத்து இருந்தா, பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். ஆயில் அளவு பார்க்கற டிப்ஸ்டிக் குச்சியில ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்னாலும் சந்தோஷப்படாதீங்க, டீசல் கலந்திருக்கலாம்.

கோயமுத்தூர்ல ஒரு கன்சல்டிங்ல, பழைய வண்டி விக்கற கடையில, பார்த்த வண்டியில இது எல்லாமே பாஸ். பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி நின்னுச்சு. ஸ்டியரிங் அடியில ஓபிடி ப்ளக்கை, வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கற ஸ்கேனரை, மாட்டி போன்ல பார்த்தேன். கோளாறைக் காட்டற எரர் கோடு ஒண்ணு கூட இல்லை. ஆனா அதே ஸ்கேனர்ல, கோடுகளை அழிச்சதுக்கு அப்புறம் வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னும் காட்டும். காட்டின எண் 6 கிலோமீட்டர். அதாவது கோடுகளை இப்பத்தான் அழிச்சிருக்காங்க. பேட்டரி கழட்டினோம், அதனால இருக்கும்னாங்க. இருக்கலாம்தான். அப்படின்னா மேட்டுப்பாளையம் போய்க் கோத்தகிரி ஏத்தம் கொஞ்சம் ஏத்திட்டு வந்து மறுபடி பார்ப்போம்னேன். அதுக்கு ஒத்துக்கலை. மச்சானைக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது. இது நம்ம காசு.

டெல்லி நம்பர் வண்டி மலிவா இருக்கே, எடுக்கலாமான்னும் நிறையப் பேர் கேட்கறாங்க. அங்கே 10 வருஷம் தாண்டின டீசல் வண்டி ஓடக் கூடாதுன்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. அப்புறம் நிலைமை மாறிக்கிட்டே இருந்தாலும், மலிவுக்குப் பின்னாடி இருக்கற கதை அதுதான். அங்கே வாங்கற என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே கட்டற வரி எல்லாம் ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, டிராஃபிக்ல ஏசி போட்டு ஐடிலிங்ல நின்ன நேரம். மீட்டர் 60 ஆயிரம் காட்டும், இன்ஜின் ஓடின நேரம் அதுல தெரியாது. கோவை–சென்னை ஹைவேயில ஒன்றரை லட்சம் ஓடின வண்டியை நான் அதைவிட நம்புவேன்.

கடைசியா மச்சானுக்குப் பிடிச்சது திருப்பூர்ல ஒரு 2017 மாடல். ஓடினது கொஞ்சம் அதிகம்தான், ஆனா ஓனர் ஒரு ஃபைல் நிறைய பில் வெச்சிருந்தார். அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி எங்க மெக்கானிக் அண்ணன்கிட்ட ரெண்டு வேலை செய்யச் சொன்னேன். ஒண்ணு ரிட்டர்ன் டெஸ்ட், இன்ஜெக்டர் எரிக்காம திருப்பி அனுப்பற டீசலை அளக்கறது. அஞ்சு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் லைன்லயும் ஆளுக்கொரு சின்ன பாட்டிலை மாட்டி இன்ஜினை ஓட விட்டார். தேஞ்ச இன்ஜெக்டரோட பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறையும். நாலு ஒரே மட்டத்துல நின்னுச்சு, மூணாவது ஒரு விரல் உயரம் கூட. ரெண்டாவது, ஓனர் சம்மதத்தோட எங்க செலவுல ஆயில் மாத்தி, பழைய ஃபில்டரைப் பிரிச்சுப் பார்த்தோம். அண்ணன் பிளேடால காகித மடிப்புகளை வெட்டி, தினத்தந்தி மேல நீளமா விரிச்சு, டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சார். பேரிங் தேஞ்சிருந்தா அந்த மடிப்புக்குள்ள செம்பு நிறத்துல, வெள்ளி நிறத்துல பொடி மின்னும். கறுப்புக் கரியைத் தவிர எதுவும் இல்லை. விரலால தேய்ச்சுப் பார்த்தும் நெருடலை.

மூணாவது இன்ஜெக்டருக்கும், 3.2ல தெரிஞ்ச பிரச்சினையான இஜிஆர் கூலருக்கும் ஆகற செலவைச் சொன்னதும் ஓனர் விலையைக் குறைச்சார். வண்டியை எடுத்த வாரமே கூலரை மாத்திட்டோம், இன்ஜெக்டரைக் கழட்டி, டீசல் பம்ப், இன்ஜெக்டர் பார்க்கற பம்ப் சர்வீஸ் கடையில கொடுத்துச் சரி பண்ணிட்டோம். இனி ஆயில் மாத்தறப்ப மச்சான் பட்டறையிலேயே நிக்கறார், டிரெயின் போல்ட் கழண்டதுல இருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு.