டேப் பத்திரமாக இருந்தது, ஓட்டுவதற்குத்தான் டிரைவ் இல்லை

2023 டிசம்பர் 4-ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தபோது எங்கள் கம்பெனியின் தரைத்தளமும் மூழ்கியது. சர்வர் அறை அந்தத் தளத்தில்தான். மாடிக்கு மாற்றச் சொல்லி நான் எழுதிய கடிதங்கள் ஒரு ஃபைலில் இருந்தன, அந்த ஃபைலும் நனைந்து போயிற்று. வாகன உதிரிபாகம் செய்கிற நடுத்தரக் கம்பெனி, ஓசூரில் இன்னொரு யூனிட் உண்டு. அங்கேதான் எல்லாவற்றையும் மறுபடி எழுப்பினோம்.

எங்கள் டிஆர் பிளானில் (பேரிடர் வந்தால் சிஸ்டங்களை மீட்கும் திட்டம்) ‘நான்கு மணி நேரத்தில் மீட்பு’ என்று போட்டிருந்தது. ஆடிட்டுக்கு வந்தவர் அதைப் படித்து டிக் அடித்துவிட்டுப் போனார். எந்த இயந்திரத்தில் மீட்பது என்று அவரும் கேட்கவில்லை, அதை எழுதிய பழைய மேனேஜரும் சொல்லி வைக்கவில்லை.

பேக்கப்பில் ஒரு குறையும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை இரவு முழு பேக்கப், சனிக்கிழமை மெட்டீரியல் லாரியில் டேப் ஓசூருக்குப் போய்விடும். என்கிரிப்ஷன் பாஸ்வேர்டு ஒட்டிய கவரில் ஓசூர் பிளான்ட் மேனேஜர் பீரோவில். டேப் எல்டிஓ-6, அதாவது பேக்கப் எடுக்கும் காந்த நாடா கேசட்டில் ஆறாம் தலைமுறை. அதை ஓட்டும் டிரைவ் மட்டும் அம்பத்தூரில், தண்ணீருக்கு அடியில்.

பெங்களூரு பக்கம்தானே என்று வாடகைக்கு டிரைவ் தேடினோம். ஒரு கடைக்காரர் போனில் நன்றாகத் தமிழ் பேசினார். “எல்டிஓ டிரைவ்தானே சார், ரெடியா இருக்கு. லேட்டஸ்ட் மாடல், பழைய டேப் எல்லாம் ஓட்டும்.” நம்பி வண்டி எடுத்துக்கொண்டு போனால் எல்டிஓ-8. எல்டிஓ-7 வரைக்கும் ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்பைப் படிக்கும். எல்டிஓ-8-இல் அந்த வசதி போய்விட்டது, எட்டும் ஏழும் மட்டும்தான். எங்கள் ஆறாம் நம்பர் டேப்பை அது தொடாது. அவரிடம் இதைச் சொன்னால், “போட்டுப் பார்த்தீங்களா சார்?” என்கிறார். போட்டும் பார்த்தோம். துப்பிவிட்டது. போன பெட்ரோலும் ஒரு முழுநாளும் வீண். போனில் கேட்கும்போது ‘டேப் டிரைவ் இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். தலைமுறை எண்ணைச் சொல்லி, டிரைவின் லேபிளை வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் வேறோர் இடத்தில் எல்டிஓ-6 கிடைத்தது. கொண்டுவந்தால் கேபிள் பொருந்தவில்லை. பழைய டிரைவின் பின்னால் இருப்பது எஸ்எஃப்எஃப்-8088, மீட்புக்காக வாடகைக்கு எடுத்த சர்வரில் இருந்த கார்டு எஸ்எஃப்எஃப்-8644, இரண்டும் வேறு வேறு வடிவ இணைப்பு. இரண்டையும் மினி சாஸ் என்றுதான் சொல்வார்கள். ஒரு முனை இப்படி, மறு முனை அப்படி இருக்கிற கேபிளுக்காகப் பெங்களூரு எஸ்பி ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் பழைய சாமான் குவித்து வைத்திருந்த ஒரு பையன் மூட்டைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தான். அவன் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

டேப்பில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலெடுக்க (கேட்டலாக்) ஓர் இரவு, அதற்கப்புறம் ரீஸ்டோர். இதெல்லாம் சத்தமில்லாமல் முடிந்தது. முதலில் எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர், பிறகு டேட்டாபேஸ், பிறகு பில், ஸ்டாக் எல்லாம் ஓடும் இஆர்பி மென்பொருள். கன்ட்ரோலர் எழுந்தது, ஆனால் ஓசூரில் ஒருவராலும் லாகின் செய்ய முடியவில்லை. நெட்வொர்க்கைப் பார்த்தால் டிஎன்எஸ் சரி, ஸ்விட்ச் சரி, விலேன் சரி. வாடகை சர்வரின் மதர்போர்டு பேட்டரி செத்துப்போய் அதன் கடிகாரம் சில வருடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் விர்ச்சுவல் மெஷினாக ஓடிய கன்ட்ரோலரும் அந்த நேரத்தையே வாங்கிக்கொண்டது. லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை, இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே வழக்கமாக ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. தெருமுனைக் கடையில் சிஆர் 2032 பேட்டரி வாங்கிப் போட்டு, பயாஸில் நேரம் திருத்தியதும் சரியாயிற்று. வாடகைக்கு எந்தப் பெட்டி வந்தாலும் முதல் வேலையாக அதன் கடிகாரத்தைப் பாருங்கள்.

இவ்வளவும் தாண்டிய பிறகு இஆர்பி திறந்தால் ‘லைசென்ஸ் இல்லை’ என்றது. லைசென்ஸ் ஒரு யுஎஸ்பி டாங்கிளில், பென் டிரைவ் மாதிரி செருகும் சின்னச் சாவியில் இருக்கிறது. டாங்கிள் அம்பத்தூர் சர்வரின் பின்பக்கம் சேறு பூசிக்கொண்டு செருகியபடி இருக்கிறது. மென்பொருள் கம்பெனியின் சப்போர்ட் பெண், பழைய டாங்கிளைத் திருப்பித் தந்தால்தான் புதியது என்று சொல்லிவிட்டார். இன்ஷூரன்ஸ் ஆபீஸிலோ, சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றக்கூடாது என்றார்கள். சர்வேயர் எப்போது வருவார்? ஊரே வெள்ளத்தில் இருக்கிறது, அவருக்கு முன்னால் எத்தனையோ கம்பெனி. ஒருவர் கொடு என்கிறார், இன்னொருவர் தொடாதே என்கிறார், நடுவில் லாரி நிற்கிறது. ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டினால் 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிந்து எண் வாங்கும் பில்) கட்டாயம் என்பதால் சும்மா பில் எழுதியும் சரக்கை அனுப்ப முடியாது. அக்கவுண்ட்ஸ் ஆட்கள் ஒவ்வொரு இன்வாய்ஸாக எக்செல்லில் அடித்து அரசு போர்ட்டலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு வீடியோ காலில். அம்பத்தூரில் தண்ணீர் வடிந்ததும் நம் ஆள் ஒருவர் போய், எதையும் தொடாமல், டாங்கிளின் சீரியல் நம்பர் தெரியும்படி போனைப் பிடித்தார். ஒரு பக்கம் சர்வேயரின் உதவியாளர், இன்னொரு பக்கம் மென்பொருள் கம்பெனியின் மேலதிகாரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்ததால் ஒருவர் மேல் ஒருவர் சாக்குச் சொல்ல வழியில்லை. தற்காலிக லைசென்ஸ் அன்று மாலையே வந்துவிட்டது. சப்போர்ட் எண்ணில் கெஞ்சிக்கொண்டிருந்த நேரத்துக்கு இதை முன்பே யோசித்திருக்கலாம் என்று ஜிஎம் சொன்னார். அவரும்தான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை நடந்த வரவு செலவு எந்தப் பேக்கப்பிலும் இல்லை. மாடியில் இருந்த டெலிவரி சலான் புத்தகமும், தலைக்கு மேல் அலமாரியில் செக்யூரிட்டி அண்ணன் வைத்திருந்த கேட் ரிஜிஸ்டரும் தப்பியிருந்தன. அவற்றைப் பார்த்து மறுபடி ஏற்றினோம்.

சம்பளம்தான் வயிற்றைக் கலக்கியது. அப்போதிருந்த சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவான இடத்தில் ஏழாம் தேதிக்குள் கூலி கொடுத்தாக வேண்டியிருந்தது. அட்டெண்டன்ஸ் மென்பொருள் எங்கே ஓடுகிறது என்று பார்த்தால், எச்ஆர் மேஜைக்குக் கீழே ஒரு பழைய டெஸ்க்டாப். அது எங்கள் சர்வர் பட்டியலிலும் இல்லை, பேக்கப் பட்டியலிலும் இல்லை. யாரோ ஒரு வெண்டர் வந்து போட்டுவிட்டுப் போனது. அது முழுக்க முழுகிவிட்டது. ஆனால் கைரேகை மெஷின் கேட் சுவரில் நெஞ்சுயரத்தில் மாட்டியிருந்தது, தண்ணீர் அதற்குக் கீழேயே நின்றுவிட்டது. இந்த மெஷின்கள் பதிவுகளைத் தங்களுக்குள்ளேயும் வைத்திருக்கும். ஒரு பென் டிரைவ் செருகியதும் நவம்பர் முழுக்க வந்து விழுந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோஷம் இஆர்பி எழுந்தபோதுகூட வரவில்லை.

லீஸ்டு லைன், அதாவது கம்பெனிக்கென்று தனியாக எடுத்த இன்டர்நெட் இணைப்பு, அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பெரிய வாடிக்கையாளரின் விபிஎன் (அவர்கள் நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) அம்பத்தூர் ஐபியை, அதாவது அந்த இணைப்பின் முகவரி எண்ணை மட்டும்தான் அனுமதிக்கும். அந்த ஐபியை ஓசூருக்கு மாற்றித் தரச் சொல்லி லைன் கொடுத்த கம்பெனியிடம் கேட்டால், அதிகாரம் பெற்றவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர்கள் பதிவில் இருப்பவர் எப்போதோ ஓய்வு பெற்றுப் போனவர். பெயரை மாற்ற போர்டு தீர்மானத்தின் நகல், கம்பெனி முத்திரை. முத்திரை வெள்ளத்தில். கவுன்டரில் இருந்தவர் விதி எண்ணைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அதை விட்டுவிட்டு வாடிக்கையாளரின் நெட்வொர்க் ஆளுக்கே போன் செய்தேன். “ஓசூர் ஐபியை மெயில்ல அனுப்புங்க சார், சேர்த்துடறேன்” என்றார். டீ குடித்து முடிப்பதற்குள் விபிஎன் வந்துவிட்டது. ஐபியை இடம் மாற்றுவதைவிட எதிர்ப்பக்கத்தில் புது ஐபியைச் சேர்ப்பது பல மடங்கு சுலபம். ஆனாலும் ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் பணம் வந்தது, பாதிதான். மின்னணுக் கருவிகளுக்கான பாலிசியில் மூன்று பிரிவு உண்டு. முதலாவது கருவிக்கு, இரண்டாவது டேப் மாதிரி வெளியே வைக்கும் டேட்டா மீடியாவுக்கு, மூன்றாவது மாற்றுக் கருவி வாடகைக்கு எடுத்து வேலையைத் தொடரும் செலவுக்கு. எங்களுடையதில் பிரீமியத்தைக் குறைக்க முதல் பிரிவு மட்டும் எடுத்திருந்தார்கள். வாடகை சர்வர், டேப் டிரைவ், எஸ்பி ரோடு கேபிள், எல்லாம் கம்பெனி கைக்காசு. பில்லை அக்கவுண்ட்ஸில் கொடுத்தபோது, மூட்டையிலிருந்து எடுத்த கேபிளுக்கு ஜிஎஸ்டி பில் எங்கே என்று கேட்டார்கள்.