ஒரு போத்தல், மூன்று பேர்

உளவியல் ஆய்வுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் 2 பேரை நேற்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டுக்கு, பெரியப்பா வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஆய்வு இல்லை, கேள்வி கேட்கப் பழகத்தான். இதை எழுதச் சொன்னதே பெரியப்பாதான்.

கையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் (AUDIT) கேள்வித்தாள், ஒருவரின் குடிப்பழக்கம் எவ்வளவு என்று பார்ப்பது. மொத்தம் 10 கேள்வி. 8 புள்ளி வந்தால் கவனிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மனப்பாடம். இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

"குடிக்கிற நாள்ல எத்தனை அளவு குடிப்பீங்க ஐயா?"

"அளவா? ஒரு போத்தல் சம்சு, நாங்க மூணு பேரு. நீயே கணக்குப் போட்டுக்கம்மா."

போட்டோம். சம்சு என்றால் மலிவான உள்ளூர்ச் சாராயம். அந்தத் தாளில் ஓர் அளவு என்பது 10 கிராம் மதுசாரம். 150 மில்லி போத்தல், 40 சதவீதம் என்றால் சுமார் 47 கிராம். தலைக்கு ஒன்றரை அளவுக்குக் கொஞ்சம் மேல். அதுவும் சமமாக ஊற்றியிருந்தால்தானே!

அப்புறம் சுவரில் தொங்கிய காலண்டரை இறக்கினோம். சம்பள நாள், கோயில் திருவிழா, கருமாதி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டதும் குடித்த நாள்கள் தானாக வந்து விழுந்தன. நடுவில் பழைய தோட்டத்துக் கள்ளுக்கடைக் கதை வேறு. கேள்வி கேட்ட பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு அந்தக் கதையைக் கேட்டாள்.