பட்டறை டியூப்லைட்டை எல்இடிக்கு மாற்றிய கதை

லேத்தில் (கடைசல் இயந்திரம்) ஒரு சின்னப் பித்தளைத் துண்டைக் கடைந்துகொண்டிருந்தேன். துண்டைப் பிடித்துச் சுற்றுவது சக், அதில் துண்டைக் கவ்வும் பல்தான் ஜா. நாலு ஜா சக், 1500 ஆர்பிஎம். தலைக்கு மேல் ஒரே ஒரு டியூப்லைட். தற்செயலாகச் சக்கைப் பார்த்தால், சுற்றுகிற சக் நின்றுகொண்டிருந்தது! நாலு ஜாவும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தன. உளியைக் கொஞ்சம் அழுத்தியதும் மெதுவாகப் பின்பக்கமாக நகர ஆரம்பித்தன. மோட்டார் சத்தம் மட்டும் காதில் விழாமல் இருந்திருந்தால் அளவு பார்க்கக் கையை நீட்டியிருப்பேன். அந்த நிமிடமே லேத்தை நிறுத்திவிட்டேன். பட்டறையில் இருக்கும் ஆறு டியூப்லைட்டையும் மாற்றியே தீருவது என்று அன்றைக்கு முடிவெடுத்ததுதான்.

கணக்கு எளிது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சோக் போட்டு எரியும் டியூப் வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். 1500 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 25 சுற்று. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் சக் சரியாகக் கால் சுற்று சுற்றியிருக்கும். நாலு ஜாவும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதால் கண் ஏமாந்துபோகிறது. மூணு ஜா சக்காக இருந்தால் 2000 ஆர்பிஎம்மில் இதே கூத்து நடக்கும். டியூபுக்குள் பூசிய பாஸ்பர் கொஞ்ச நேரம் ஒளிர்ந்துகொண்டே இருப்பதால் முழு இருட்டு வராது, அதனால் பிம்பம் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். ஆனாலும் வேலை மும்முரத்தில் இருப்பவரை ஏமாற்ற அது போதும். பெரிய தொழிற்சாலைகளில் பக்கத்துப் பக்கத்து விளக்குகளை வேறு வேறு பேஸில் கொடுத்தது இதற்காகத்தான். இரட்டை டியூப் ஃபிட்டிங்கில் ஒரு டியூபுக்கு மட்டும் வரிசையில் கண்டன்சர் சேர்த்து, ஒன்று மங்கும்போது மற்றது எரியும்படி செய்வதும் உண்டு. என் ஃபிட்டிங் எல்லாம் ஒற்றை டியூப், ஒரே பேஸ்.

மாற்றுவதற்கு முன் வேலை மேசை மேல் போனை வைத்து லக்ஸ் (மேசையில் விழும் வெளிச்சத்தின் அளவு) அளந்தேன். போன் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் அதே போனை அதே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 210 காட்டியது. ஏணியில் ஏறி டியூபையும் பட்டையையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி அளந்தால் 260! ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை மரத்தூளும் எண்ணெய்ப் புகையும் தின்றுகொண்டிருந்திருக்கின்றன. மாற்றும் எண்ணமே இல்லாதவர்களும் இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள்.

அடுத்து டியூப் வாங்குவது. பழையது நாலடி, 36 வாட், 26 மி.மீ. விட்டம். சோக் தின்பதையும் சேர்த்தால் ஒன்றுக்கு 45 வாட் பக்கம் போகும். நான் எடுத்தது 20 வாட் எல்இடி டியூப், பால் வெள்ளை உறை போட்டது. கண்ணாடி போலத் தெளிவான உறையும் கிடைக்கிறது, ஆனால் பட்டறைக்கு அது வேண்டாம். உள்ளே இருக்கும் எல்இடி புள்ளிகள் ஸ்கேலிலும் கடைந்த இரும்பிலும் வரிசையாகப் பிரதிபலித்து, கோடு வாசிக்க விடாது. லூமென் (விளக்கு மொத்தமாக விடும் ஒளி) கணக்கில் எல்இடி டியூப் பழையதைவிடக் குறைவுதான். ஆனால் பழைய டியூப் நாலா பக்கமும் ஒளியைச் சிதறி, பாதியை ஃபிட்டிங்கின் முதுகிலேயே கொட்டும். எல்இடி கீழ்நோக்கி விடும். நமக்கு வேண்டியது மேசையில் விழும் வெளிச்சம்தானே.

வேலை நாள். முதலில் எம்சிபியை (மெயின் பெட்டியில் இருக்கும் பிரேக்கர்) இறக்கினேன். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைக்கக் கூடாது. ஏன் என்பது கொஞ்சம் கீழே வருகிறது. பழைய ஃபிட்டிங்கில் கண்டன்சர் இருந்தால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் தங்கியிருக்கும், அதை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

டியூபுடன் ஸ்டார்ட்டர் மாதிரியே ஒரு டப்பி வந்தது. உள்ளே வெறும் ஃபியூஸ்தான். பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு இதைச் சொருகினால் போதும், சோக் இருந்தபடி இருக்கட்டும் என்பது ஒரு வழி. சோக்கைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக வயர் கொடுப்பது இன்னொரு வழி. பெட்டியில் இரண்டுக்கும் படம் போட்டிருந்தார்கள். இப்போது ஓடும் கரண்ட் குறைவு என்பதால் சோக்கை விட்டுவைத்தாலும் இழப்பு பெரிதாக இருக்காது. ஆனால் அதன் வயர் இன்சுலேஷன் விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதைப் பார்த்த பிறகு விட்டுவைக்க மனம் வரவில்லை. ஆறு சோக்கையும் கழற்றிவிட்டேன்.

நேர் வயரிங் செய்பவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். நான் வாங்கிய டியூபில் பேஸும் நியூட்ரலும் ஒரே முனையின் இரண்டு பின்னுக்குப் போகின்றன. மறுமுனை டியூபைத் தாங்குவதற்கு மட்டும். ஆனால் அந்த மறுமுனையின் இரண்டு பின்னும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், அந்த ஃபியூஸ் டப்பி வழி வேலை செய்வதற்காக. டியூபைத் தலைகீழாக மாட்டினால் பேஸும் நியூட்ரலும் நேராக ஷார்ட். மூன்றாவது ஃபிட்டிங்கில் நான் செய்தது அதைத்தான். எம்சிபியை ஏற்றியதும் டப்பென்று விழுந்தது. ஹோல்டரில் பித்தளை இதழ் ஒன்று கறுத்துப்போய், அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு டியூபையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். பீப் அடிக்கும் முனை தாங்கும் முனை. அடிக்காதது மின்சார முனை. அந்த முனையில் சிவப்பு டேப், ஹோல்டரிலும் சிவப்பு டேப்.

வேறு வகை டியூபும் இருக்கிறது: ஒரு முனையில் பேஸ், மறு முனையில் நியூட்ரல். இரண்டு வகையின் வயரிங்கும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. அதனால் ஒவ்வொரு ஃபிட்டிங்கின் மேலும் ‘நேர் வயரிங், எல்இடி மட்டும், மின்சாரம் இந்த முனையில்’ என்று மார்க்கரில் எழுதி ஒட்டினேன். நாளைக்கு வேறு யாராவது பழைய டியூபைக் கொண்டுவந்து மாட்டினால், முழு வோல்டேஜும் அதன் ஒரு ஃபிலமென்ட்டின் மேல் நேராகப் பாயும்.

அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தத் திரும்பினேன். இருட்டில் ஆறு டியூபும் சாம்பல் பூத்த தணல் மாதிரி லேசாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. முதலில் டியூப்தான் மட்டம் என்று நினைத்தேன். மறுநாள் சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டரை வைத்தால் பளிச்சென்று எரிகிறது. இத்தனை வருடமும் சுவிட்ச் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது! விளக்கு அணைந்த பிறகும் ஃபிட்டிங்கில் முழு பேஸ் நின்றிருக்கிறது. எர்த் செய்த தகர உடம்பு வழியே கசியும் துளி கரண்டே எல்இடியை மினுக்க வைக்கப் போதும். பழைய டியூபுக்குப் பற்றிக்கொள்ளவே பெரிய வோல்டேஜ் வேண்டும், அதனால் காட்டிக் கொடுக்கவில்லை. சுவிட்சை அணைத்த தைரியத்தில் எத்தனை தடவை ஏணியில் ஏறி அந்த ஹோல்டரைத் துடைத்திருப்பேன்! சந்திப்புப் பெட்டியைத் திறந்து பேஸைச் சுவிட்சுக்குத் திருப்பிய பிறகு அந்த மினுக்கல் நின்றது. உங்கள் விளக்கும் அணைத்த பின் மினுக்கினால் டெஸ்டரை எடுங்கள். பெட்டியைத் திறந்து பழக்கமில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எல்இடி என்றாலே துடிப்பு இருக்காது என்று நம்பிவிடக் கூடாது. சோதித்துப் பார்க்க இரண்டு தயாரிப்புகளில் ஒவ்வொன்று வாங்கியிருந்தேன். ஒரு பென்சிலை இரண்டு விரலில் பிடித்து விளக்கடியில் விசிறி மாதிரி வேகமாக ஆட்டினேன். ஒரு டியூபுக்குக் கீழே மங்கலான ஒரே பட்டையாகத் தெரிந்தது. இன்னொன்றுக்குக் கீழே பத்துப் பதினைந்து பென்சில் தனித்தனியாகத் தெரிந்தது. போன் கேமராவில் அதற்கு மட்டும் கறுப்புப் பட்டைகள் ஓடின. டியூபுக்குள் எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டில் மின்சாரத்தைச் சமன்செய்யும் கண்டன்சரில் சிக்கனம் பிடித்தால் இப்படித்தான், அதே 100 துடிப்பு திரும்ப வந்துவிடும். துடித்ததைச் சாமான் அறைக்கு அனுப்பிவிட்டு நல்லதில் ஆறு வாங்கினேன்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. 6500 கெல்வின் நீல வெள்ளை எனக்குப் பிடிப்பதில்லை, 4000 எடுத்தேன். அதைவிட முக்கியம் சிஆர்ஐ, அதாவது விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்குக் கொடுக்கும் மதிப்பெண். ரெசிஸ்டரில் சிவப்பு, பழுப்பு, ஆரஞ்சு வளையங்களைப் பிரித்துப் பார்க்க 80 தடுமாறுகிறது. சால்டரிங் மேசைக்கு மேல் மட்டும் 90க்கு மேல் உள்ளதைப் போட்டேன்.

எல்இடி மாட்டி, ஃபிட்டிங் பழைய இடத்திலேயே இருந்தபோது மேசையில் 340 லக்ஸ். ஆனால் விளக்கு என் முதுகுக்குப் பின்னால், வைஸின் மேல் என் தலை நிழல். இரண்டு ஃபிட்டிங்கைக் கழற்றி, மேசையின் முன் விளிம்புக்கு நேர் மேலே, மேசை நீளத்துக்கே படுக்கவைத்து மாட்டினேன். இப்போது 520. வெர்னியர் கோட்டைப் படிக்கக் குனிந்து கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. பழைய டியூபை எல்இடியாக மாற்றியதில் கிடைத்ததைவிட, இரண்டு திருகாணியை இடம் மாற்றியதில் கூடுதலாகக் கிடைத்தது.

பழைய டியூப் ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. புது டியூப் வந்த அட்டைப் பெட்டிகளிலேயே அவற்றைப் போட்டு, உடையாமல் அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்தேன். எங்காவது உடைந்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு அட்டையால் வழித்து எடுங்கள், வேக்குவம் கிளீனர் போடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி நாலு ஜா சக், 1500 ஆர்பிஎம். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பத்து நிமிடம் பார்த்தேன். எந்த வேகத்திலும் ஜா தெரியவில்லை, புகை மாதிரி ஒரே வட்டம்.

டிரில்லிங் மெஷின் மேல் இருக்கும் இரண்டடி ஃபிட்டிங் மட்டும் பாக்கி. அதில் 18 வாட் டியூப் இரண்டு ஒரே சோக்கில் வரிசையாக எரிகின்றன. எல்இடி டியூபை அப்படி வரிசையில் கொடுக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இழுக்க வேண்டும். வயரும் ஹோல்டரும் எடுத்து வைத்திருக்கிறேன், வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை.