நரகத்துக்கு முடிவு உண்டா?

ஒரு சமயநெறி மறுமையைப் பற்றிச் சொல்வதைப் படிக்கும்போது, அதன் சொர்க்க வருணனைகளைவிட, அங்கே தரப்படும் தண்டனை எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதையே நான் முதலில் தேடுவேன். தீமை எங்கிருந்து வருகிறது என்று அந்தச் சமயம் கருதுகிறதோ, அது பெரும்பாலும் அந்தக் கால அளவில் வெளிப்பட்டுவிடுகிறது.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா தீயோருக்கான நரகத் தண்டனையை 12 மாதங்கள் என்று வரையறுக்கிறது. ஆனால் பெற்றோரை இழந்த பிள்ளை, இறந்தவருக்குத் துணைநிற்கும் என்று நம்பப்படும் கத்தீஷ் என்னும் வேண்டுதலை 11 மாதங்களோடு நிறுத்திக்கொள்வதே பரவலான வழக்கம். ஆண்டு முழுவதும் சொன்னால், தன் தாயோ தந்தையோ முழுத் தண்டனைக்கும் உரிய தீயவர் என்று பிள்ளையே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த வேண்டுதலில் இறப்பைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. முழுவதும் இறைவனின் புகழ்தான். ஒரு மாதத்தைக் குறைத்து பெற்றோரின் மானத்தைக் காக்கும் இந்தப் பரிவு என்னை நெகிழச் செய்கிறது.

பௌத்தத்தில் தீமை முழுக்க முழுக்கச் செய்தவருடையது. மஜ்ஜிம நிகாயம் என்னும் பாலி மொழித் தொகுப்பிலுள்ள தேவதூத சுத்தம் என்ற உரையில், இறந்து வந்தவனிடம் யமன் விசாரிக்கிறான்: தன் கழிவிலேயே கிடக்கும் பச்சிளங்குழந்தையையும், கோலூன்றி நடுங்கும் முதியவரையும், பிறர் தூக்கிவிட வேண்டிய நிலையிலுள்ள நோயாளியையும், தண்டிக்கப்படும் குற்றவாளியையும், ஊதிப்போன பிணத்தையும் நீ பார்க்கவே இல்லையா? பார்த்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை என்கிறான் அவன். இந்தத் தீவினையை உன் தாய் செய்யவில்லை, தந்தை செய்யவில்லை, நீயே செய்தாய் என்று சொல்லிவிட்டு யமன் மௌனமாகிறான். பின்வரும் வேதனை கொடியது. எனினும் அந்த வினை தீரும்வரைதான்.

பண்டைய ஈரானில் தோன்றிய ஜரதுஷ்டிர சமயம் தீமையைத் தனியொரு பகைச் சக்தியாகக் காண்கிறது. ஆகவே இறுதியில் அந்தச் சக்தி தோற்கும்போது நரகமும் தூய்மையாக்கப்பட்டுவிடுகிறது. இந்து மரபில் பொதுவாக நரகம் தற்காலிகமே என்றாலும், 13ஆம் நூற்றாண்டின் துவைத வேதாந்தி மத்வர் சில உயிர்களுக்கு மீட்சியே இல்லை என்றார். இஸ்லாமிய அறிஞர்களுள் பெரும்பாலோர் நரகம் நிலையானது என்று கொண்டாலும், 14ஆம் நூற்றாண்டில் இப்னுல் கய்யிம் அதற்கும் முடிவு வரக்கூடும் என்பதற்கான வாதங்களை விரிவாக எழுதினார்.

கிறிஸ்தவத்தில்தான் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாகிறது. தீமைக்கென்று தனி இருப்பு கிடையாது, அது நன்மையின் குறைபாடே என்பதில் 4ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் நீசா நகர் கிரகோரியும் அவருக்குச் சற்றுப் பின்வந்த இறையியலாளர் அகுஸ்தீனும் உடன்படுகிறார்கள். ஆனால், தனி இருப்பில்லாத ஒன்று என்றென்றைக்கும் நிலைக்க முடியாது, ஆகவே எல்லா உயிர்களும் ஒருநாள் மீளும் என்று கிரகோரி முடிவுகட்ட, அகுஸ்தீன் முடிவில்லாத தண்டனையையே வலியுறுத்துகிறார். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் நித்திய தண்டனையும் நித்திய வாழ்வும் ஒரே வசனத்தில் வருகின்றன. ஒன்றுக்கு முடிவு உண்டென்றால் மற்றதற்கும் உண்டென்று ஆகாதா என்பது அகுஸ்தீன் எழுப்பும் தடை. அந்த வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவரை மறுப்பது எளிதல்ல. இருந்தாலும், தீமையைப் பற்றி இருவரும் ஒப்புக்கொண்ட கருத்தைக் கடைசிவரை கைவிடாமல் பின்தொடர்ந்தவர் கிரகோரிதான் என்றே நான் நம்புகிறேன்.