மணிலா, 1986
தம்பி பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு படம் தேடிட்டிருந்தா, திடீர்னு போனை நீட்டி "அத்தை, இவங்க ஏன் டாங்க் முன்னாடி முட்டி போட்டிருக்காங்க?"ன்னு கேட்டா.

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா, எட்சா ரோடு, 1986 பிப்ரவரி. சர்வாதிகாரி மார்க்கோஸை எதிர்த்து ஜனங்க தெருவுல இறங்கின நேரம். கையில ஜெபமாலையோட கன்னியாஸ்திரிகள்.

சிப்பாய்களுக்கு ஜனங்க பூவும் சாப்பாடும் நீட்டுறாங்க, டாங்க் கூட்டத்து மேல ஏறாம திரும்பிப் போயிடுச்சு, நாலே நாள்ல, 20 வருஷம் ஆண்ட மார்க்கோஸ் ஹவாய்க்கு ஓடிட்டாரு.

ராணுவத்துல ஒரு பகுதி துப்பாக்கியோட கட்சி மாறினது நிஜம்தான், ஆனா அவங்களையே காப்பாத்தினது வெறுங்கையோட வெளிய நின்ன ஜனங்க.

சிரியாவுல கதை வேற: 2011ல ஜனங்க போராடினப்போ முதல்ல சுட்டது அதிபர் அசாத்தோட ஆளுங்கதான், அப்புறம் வெளிநாடுங்க போராளிகளுக்கு ஆயுதத்தைக் கொட்டுச்சு.

2024 டிசம்பர்ல ஆயுதக்குழுக்கள்தான் அசாத்தை விரட்டுச்சு, சரி, ஆனா அதுக்குள்ள செத்தவங்க லட்சக்கணக்குல.

போராடுறவங்களுக்கு யாராவது துப்பாக்கி அனுப்புறோம்னு சொன்னாலே எனக்கு இந்தக் கணக்குதான் வயித்தைக் கலக்குது.