பெயரை மறைத்துத் திருத்துங்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் செக்கிங் வேலைக்கான நேர்காணல். "எந்த ஊரு?" என்று ஆரம்பித்து "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேள்வி போய்விட்டால் அதோடு நியாயம் செத்தது. தையல் பார்க்கிற கண்ணுக்கும் அந்தப் பதிலுக்கும் என்ன சம்பந்தம்? மத்திய அரசே 2016 ஜனவரி 1 முதல் கெஜட்டட் அல்லாத கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலை எடுத்துவிட்டது. முதல் வடிகட்டலை எழுத்தில் வையுங்கள்.

தமிழில் கேளுங்கள். மூன்று கேள்வி, முப்பது நிமிடம் போதும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் வேறு யாரோ எழுதித் தருவார்கள். இங்கேயே உட்கார்ந்து எழுதட்டும். ஒடுகத்தூர், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறவர்கள் இருப்பார்கள், காலை 11 மணிக்கு வையுங்கள்.

கேள்வி இப்படி இருக்கலாம்: "240 ஜோடி அப்பரில் (ஷூவின் மேல்பாகத்தில்) 6 ஜோடிக்கு இடது, வலது ஷேட் ஒத்துவரவில்லை. மாலை 5 மணிக்கு லாரி. என்ன செய்வீர்கள்?" ஆறையும் தனியே எடுத்துச் சீட்டுக் கட்டினால் 2 மார்க். ஒரே ஜோடியை வேறு வேறு தோலில் வெட்டியிருக்கலாம் என்று அந்தக் கட்டிங் முழுவதையும் பார்த்தால் 3. சூப்பர்வைசரிடம் உடனே சொன்னால் 3, நோட்டில் பதிந்தால் 2. ஆறையும் கலைத்து, ஷேட் பார்த்து மறுஜோடி சேர்க்கலாம் என்று ஒருவர் எழுதினால் அவர் வேலை தெரிந்தவர். விடைக்குறிப்பில் இல்லையே என்று அதற்கு மார்க் குறைத்துவிடாதீர்கள்.

தாளில் எண் மட்டும் இருக்கட்டும்; பெயர்ப் பட்டியல் திருத்தாத ஒருவரிடம் இருக்கட்டும். எல்லாருடைய முதல் பதிலையும் திருத்திவிட்டுத்தான் இரண்டாவதுக்குப் போக வேண்டும். ஒரே தாளை மொத்தமாகத் திருத்தினால் முதல் பதிலின் நல்ல பெயர் அடுத்த பதிலுக்கும் மார்க் வாங்கித் தரும். இருவர் தனித்தனியே திருத்தி, 2 மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேசுங்கள். கையெழுத்துக்கும் எழுத்துப்பிழைக்கும் மார்க் குறைக்கக் கூடாது.

எழுத வராத நல்ல கைகள் இதில் அடிபடும். அதனால் தாள் திருத்துவதற்கு முன்பே எல்லாருக்கும் பத்து அப்பர் கொடுங்கள்: நான்கில் தையல் விட்டதும் கீறலும் இருக்கட்டும், பத்து நிமிடம். கண்டுபிடித்தவற்றை எண்ணுங்கள், நல்லதைத் தள்ளியிருந்தால் கழியுங்கள். இரண்டில் எதில் தேறினாலும் நேர்காணலுக்குக் கூப்பிடுங்கள். அங்கேயும் எல்லாரிடமும் அதே கேள்வி, அதே வரிசை. நேர்காணல் செய்கிற ஒவ்வொருவரும் மார்க்கை எழுதி முடித்த பிறகுதான் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும்.